பழைய இலை, புதிய வெயில்

2025 பிப்ரவரி கடைசி வாரம். மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். "நேத்திவரைக்கும் நன்னா இருந்தது. இன்னிக்குத் தலையைத் தொங்கப் போட்டுண்டு நிக்கறது. ரெண்டு வாளி ஜலம் விட்டாச்சு, அசையவே இல்லை. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்கோ." செம்பருத்தியைத்தான் சொன்னார். அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 38.7 டிகிரி. மாசி மாதம், போர்வையை மடித்து வைத்துப் பத்து நாள் ஆகியிருக்காது. கடலோர ஊரில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் கணக்கு. பிப்ரவரியிலேயே அந்த எச்சரிக்கை மும்பைக்கு வந்துவிட்டது.

"இனி தண்ணி ஊத்தாதீங்க மாமி. பழைய வேட்டி ஒண்ணைக் கட்டி நிழல் போடுங்க. சாயந்தரம் வரேன்" என்றேன். அவருக்கு நம்பிக்கையில்லை. வாடிய செடிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்பவன் என்ன தோட்டக்காரன்?

நான் பிறந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். எனக்குத் தோல் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுங்காவில் தோட்ட வேலை பார்த்த மாமா ஒருவர் கூட்டிக்கொண்டு போய் மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். இப்போது செம்பூரில் சின்ன நாற்றுப்பண்ணை, நாலைந்து குடியிருப்பு சொசைட்டிகளின் தோட்டப் பொறுப்பு. விற்பதெல்லாம் பெரும்பாலும் என்றும் பச்சையாக நிற்கும் புதர்ச்செடிகள்தான்: அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி, கறிவேப்பிலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர் தெரிந்திருந்தால்தான் இங்கே வியாபாரம் நடக்கும். அரளி மராத்திக்காரருக்குக் கண்ஹேர், இந்திக்காரருக்குக் கனேர். நந்தியாவட்டை தகர்.

மாமா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் செடியைத் தொட்டு வயது பார்ப்பது. செடியின் வயதையல்ல, இலையின் வயதை. அரளிக் கொம்பு ஒன்றை நுனியிலிருந்து கீழாக விரலால் வருடிக்கொண்டு போங்கள். கணுவுக்கு மூன்று இலை. உச்சியில் இருக்கும் நாலைந்து அடுக்கு இப்போதுதான் வந்தவை. அதற்குக் கீழே கணுக்கள் நெருங்கி, இலை குட்டையாக, தடித்து இருக்கும். அது மார்கழி, தை மாதங்களில் விட்டது. இன்னும் கீழே கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, இலை அகலமாக, மெல்லியதாக, கொஞ்சம் தொய்ந்து கிடக்கும். அது ஆடி மழையில், மேகத்துக்கு அடியில் வளர்ந்தது. அடியில் மஞ்சள் ஓடிப்போய் நிற்பது போன கோடையின் மிச்சம். ஒரே கொம்பில் ஒரு வருடத்து வானிலை எழுதியிருக்கும். வாதாமரம் பழையதையெல்லாம் சிவக்க வைத்து ஒரேயடியாக உதறிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. என்றும் பச்சைக்கு அந்த வசதி கிடையாது. போன மாதத்துக்கென்று தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டே இந்த மாதத்து வெயிலில் நிற்க வேண்டும்.

மாமியின் செம்பருத்திக்கு நடந்தது அதுதான். தை மாதக் குளிரில் வந்த இலைகள் அவை. மண்ணில் ஈரம் இருந்தது, வேரும் நன்றாக இருந்தது. காற்றுதான் மாறிவிட்டது. மும்பையில் பிப்ரவரி, மார்ச் வெப்பம் சூரியனால் மட்டும் வருவதல்ல. தக்காணத்திலிருந்து கிழக்குக் காற்று இறங்கும். வழக்கமாகக் காலை பதினொரு மணிக்குள் உள்ளே வந்துவிடும் கடல்காற்று, அந்த நாட்களில் மதியம் ஒன்று, இரண்டு வரை வெளியிலேயே நின்றுவிடும். அதற்குள் வெப்பமானி எகிறிவிடும். மனிதர் கவனிப்பது வெப்பத்தை. செடி கவனிப்பது அந்தக் காற்றின் வறட்சியை. காற்று காய்ந்தால் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வேகம் பல மடங்காகும். வேர் அனுப்புவது போதாமல் போகும் நிமிடத்தில் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் தண்ணீர் மிச்சம். ஆனால் வியர்க்காத உடம்பு சூடாவதுபோல இலையும் சூடாகும், காற்றைவிடக் கூடுதலாகவே. அந்த நேரத்தில் வாளி வாளியாக ஊற்றும் தண்ணீர் இலைக்குப் போய்ச் சேராது, வேர்களின் மூச்சை அடைக்கும். வேட்டி நிழல் இலையின் சூட்டைக் குறைக்கும். சாயங்காலம் நான் போனபோது பாதி நிமிர்ந்திருந்தது. மாமி வேட்டியை மறுநாளும் அவிழ்க்கவில்லை.

அரளிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏன் என்று தெரிய வேண்டுமானால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மற்ற பல செடிகளில் துளைகள் இலைத் தோலிலேயே நேராகத் திறக்கும். அரளியில் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் மெல்லிய மயிர். துளைகள் அந்தக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. வறண்ட காற்று மேலே ஓடினாலும் குழிக்குள் கொஞ்சம் ஈரம் தங்கும். மேல்தோலும் ஒரு அடுக்கல்ல, இரண்டு மூன்று அடுக்கு, மேலே மெழுகு. செம்பூரில் நெடுஞ்சாலை நடுத்திட்டில் லாரிப் புகையும் சுத்திகரிப்பு ஆலைகளின் காற்றும் வாங்கிக்கொண்டு, வாரம் ஒருமுறை வரும் தண்ணீர் லாரியை நம்பி அரளி பூத்து நிற்கிறதென்றால் சும்மா இல்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு முதலில் பூத்த செடிகளில் ஒன்று என்று அரளியைத் தங்கள் நகரத்தின் பூவாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அரளியின் உண்மையான கெட்டிக்காரத்தனம் தோலில் இல்லை. படித்த வாடிக்கையாளர் ஒருவர், தாவர ஆய்வில் இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு அதைச் சொன்னார். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் கார்னகி ஆய்வுக்கூடத்தில் ஓலே பியோர்க்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அரளியைத்தான் எடுத்துக்கொண்டார்களாம். 1982-ல் வெளிவந்த ஆய்வு. ஒரே செடியின் பிள்ளைகளைச் சிலவற்றைப் பகலில் 20 டிகிரியிலும் சிலவற்றை 45 டிகிரியிலும் வளர்த்தார்கள். இரண்டும் வளர்ந்தன. 45 டிகிரியில் வளர்ந்தது கடும் வெப்பத்திலும் ஒளிச்சேர்க்கையைத் தொடர்ந்தது, குளிரில் சுணங்கியது. 20 டிகிரியில் வளர்ந்தது குளிரில் சுறுசுறுப்பு, வெப்பத்தில் தடுமாற்றம். ஒரே குலம், ஒரே ரத்தம், வளர்ந்த இடம்தான் வேறு.

காரணத்தைத் தேடினார்கள். இலையின் பச்சையத்தைத் தாங்கும் சவ்வுகள் ஒருவகைக் கொழுப்பால் ஆனவை. குளிரில் வளர்ந்த இலையில் அந்தக் கொழுப்பு எண்ணெய் மாதிரி இளகியது. வெப்பத்தில் வளர்ந்ததில் நெய் மாதிரி இறுகியது. இளகிய சவ்வைச் சூடாக்கினால் அதில் பொருத்தியிருக்கும் இயந்திரம் சரிந்துவிடும். இறுகியதைக் குளிர்வித்தால் இயந்திரம் நகராது. வீட்டில் நல்லெண்ணெயும் நெய்யும் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது, கூடவே வயிற்றெரிச்சலும். 1982-ல் எழுதி வைத்ததை நான் 2018-ல் கைக்காசு போட்டுக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கதை இது. செம்பூரில் ஒரு சொசைட்டி. ராம நவமிக்குள் சுற்றுச்சுவர் ஓரம் முழுக்க நந்தியாவட்டை வேண்டும் என்றார்கள். 80 செடி. என் பண்ணையில் நிழல்வலைக்கு அடியில் செழித்து, இலை பளபளவென்று நின்றன. பார்த்தவர் எல்லாரும் சொக்கிப்போகும் பச்சை. கொண்டுபோய் நட்டேன். மேற்குப் பார்த்த சுவர். 2018 மார்ச் 25, ராம நவமி, ஞாயிற்றுக்கிழமை. சாந்தாகுரூஸில் 41 டிகிரி. திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்த பக்கம் பச்சை, வெயிலைப் பார்த்த பக்கம் நரம்புகளுக்கு நடுவே வெளிறி, காகிதம் சுட்டதுபோலப் பழுப்புத் திட்டுகள். வாட்ச்மேன் பதறிப்போய் இரண்டு வேளையும் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். இலை கருகியதோடு வேரும் அழுகியது. ஒரு மாதத்தில் ஐம்பதுக்கு மேல் போய்விட்டது. பாதிப் பணம் வரவில்லை. கேட்க எனக்கும் வாய் எழவில்லை.

தப்பு வெயிலுடையதல்ல. நிழலில் வளர்ந்த இலை மெல்லியது. ஒளி குறைவு என்பதால் கிடைக்கும் ஒவ்வொரு துளி ஒளியையும் பிடிக்கப் பச்சையத்தை அகலப் பரப்பி வைத்திருக்கும். அதைத் திடீரென்று மேற்கு வெயிலில் நிறுத்தினால் பிடிக்க வேண்டியதற்குப் பல மடங்கு பிடித்துவிட்டு, செலவழிக்க வழி தெரியாமல் தன்னையே எரித்துக்கொள்ளும். முற்றிய இலை சவ்வைச் சில நாட்களில் இறுக்கிக்கொள்ளும், சூட்டைத் தாங்கும் புரதங்களைச் சில மணி நேரத்தில் தயாரித்துக்கொள்ளும். ஆனால் எத்தனை தடிமன், எத்தனை துளை என்பது இலை விரிந்து முடிவதற்குள்ளேயே முடிவாகிவிடும். அதை இனி மாற்ற முடியாது. மாற வேண்டுமானால் புது இலைதான் வர வேண்டும். துளையைத் திறந்து மூட நிமிடங்கள், சவ்வைச் சரிசெய்ய நாட்கள், இலையையே மாற்ற மாதங்கள். ராம நவமி வெயில் வந்தது ஒரே ராத்திரியில்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வெயில் இடத்துக்குப் போக வேண்டிய செடியை மூன்று வாரத்துக்கு முன்பே வலைக்கு வெளியே எடுப்பேன். முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு பதினொரு மணிவரை, பிறகு முழு நாள். அதற்குள் ஒரு ஜோடிப் புது இலையாவது வெயிலிலேயே விரிந்திருக்க வேண்டும். விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரியும், கீழ் இலை துணி, மேல் இலை தோல். பழைய இலை கொஞ்சம் வெளிறி உதிரும். வாங்குபவர்களுக்கு அது பிடிப்பதில்லை. "இதைவிடப் பக்கத்துக் கடையில் பச்சையா இருக்கே" என்பார்கள். இருக்கும்.

கவாத்தும் இதைப் பார்த்துத்தான். மராத்திப் புத்தாண்டு குடி பாட்வா வருகிறது, வேலியைச் சீராக வெட்டிக்கொடு என்று மார்ச்சில் கேட்பார்கள். வெட்டமாட்டேன். உள்ளே நிழலில் இருந்த இலைகளை வெட்ட வெளிச்சத்தில் தள்ளுவதோடு, கத்தி பட்ட இடத்தில் துளிர்க்கும் கொழுந்து நேராக ஏப்ரல் வெயிலின் வாயில் போய் விழும். தவிர, இலையுதிர் மரம் சேமிப்பை வேரிலும் தண்டிலும் வைக்கும். என்றும் பச்சைச் செடி ஒரு நல்ல பங்கைப் பழைய இலைகளிலும் வைத்திருக்கிறது. அதை வெட்டினால் அதன் பானையை உடைக்கிறோம். முதல் மழை நின்று நிதானித்த பிறகு ஒரு வெட்டு, தீபாவளிக்கு முன் லேசாக ஒன்று. அரளியை வெட்டும்போது மட்டும் கையுறை. பால் கண்ணில் படக்கூடாது, வெட்டியதை எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு. 2024 மே மாதம் கேரளத்தில் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியபோது செம்பூரில் இரண்டு மலையாளி வீடுகளில் செடியையே பிடுங்கச் சொன்னார்கள். மாலைக்கும் பார்வைக்கும் இருக்கட்டும், வாய்க்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வீட்டில் கேட்டார்கள்.

பகல் வெப்பத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். என்னை உறுத்துவது இரவு. செடி பகலில் சேர்த்த சர்க்கரையை இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கும். பத்து டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. முற்றத்தில் மண் இருந்த காலத்தில் இரவு குளிர்ந்தது. இப்போது பேவர் பிளாக், காங்கிரீட், சுவர் எல்லாவற்றிலிருந்தும் இரவு பத்து மணிவரை கொதி வெளியே வந்துகொண்டிருக்கும். வெப்பத்துக்குப் பழகிய இலை மூச்சின் வேகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளும் என்றாலும், பூவுக்கு மிஞ்சுவது குறைகிறது. சுவரை ஒட்டிய இட்லிப்பூவில் கொத்து சிறுத்து, நாலடி தள்ளியதில் கொத்து பெருத்திருப்பதைப் பல சொசைட்டிகளில் பார்க்கலாம். (சுவரோர இட்லிப்பூ மஞ்சளாவது வேறு விஷயம். சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணில் இறங்கி, இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் செய்வது. வெயிலின்மேல் எல்லாப் பழியையும் போடக்கூடாது.)

கரியமில வாயுதானே செடிக்குச் சாப்பாடு, அது கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஹவாயில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. உண்மைதான், சாப்பாடு கூடியிருக்கிறது. ஆனால் சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் வாயை அகலத் திறக்க வேண்டியதில்லை. இலை துளையைக் குறுக்கிக்கொள்ளும். 1987-ல் உட்வர்ட் என்பவர் கேம்பிரிட்ஜில் காயவைத்துப் பாதுகாத்த இருநூறு வருட இலைகளை எண்ணிப் பார்த்து, துளைகளின் எண்ணிக்கையே ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டார். துளை குறுகினால் தண்ணீர் மிச்சம், சரி. வியர்வையும் குறையும். மார்ச் மாதக் கிழக்குக் காற்றில் அந்த மிச்சம் எனக்குப் பயமாக இருக்கிறது.

மழைக்காலம் நேர் எதிர். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரு நாளில் 944 மில்லிமீட்டர். அப்போது நான் மாமாவுக்குக் கையாள். தாராவியில் வீட்டுக்குள் தண்ணீர், மாட்டுங்காவில் தோட்டத்துக்குள் தண்ணீர். இரண்டு நாள் கழித்து வடிந்தபோது இட்லிப்பூ வரிசை முழுக்க தாகத்தில் வாடியதுபோல் தொங்கியது. எனக்குப் புரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்ற செடிக்கு என்ன தாகம்? மாமா ஒரு செடியைப் பிடுங்கி வேரை மூக்கருகே நீட்டினார். சாக்கடை நாற்றம். வேருக்கு மூச்சு வேண்டும். மண்ணில் காற்று இல்லாமல் போனால் வேர் தண்ணீர் ஏற்றும் வாசல்களைப் பூட்டிக்கொள்ளும். மேலே இலை துளையை மூடும். வறட்சியிலும் வெள்ளத்திலும் இலை செய்வது ஒரே காரியம்தான், பார்ப்பவர்தான் ஏமாறுவார். அன்று மாமா உரமும் போடவில்லை, தண்ணீரும் விடவில்லை. மூன்றில் ஒரு பங்கு இலையைக் கிள்ளி எறியச் சொன்னார். மிஞ்சிய வேருக்குத் தக்க இலை. அப்புறம் வெயில் அடித்தபோது பிழைத்தவை இலை கிள்ளிய செடிகள்தான். அதன் பிறகு நான் புதர்களைத் தரையில் நட்டதில்லை, ஒரு சாண் மேடு கட்டித்தான்.

இதே தண்ணீர் மாஹிம் ஓடையில் தினம் இரண்டு வேளை ஏறி இறங்குகிறது. தாராவியை ஒட்டிய மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் ஊர்க் குப்பைமேடு, 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். அதன் மித்தி ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் வெண்கண்டல் புதர்கள் தெரியும். அதுவும் என்றும் பச்சைதான். சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டி வைத்திருக்கும். இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும், உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. (இந்த ஓடையில் நக்கிப் பார்க்க வேண்டாம், நான் பார்த்தது கோராய்ப் பக்கம்.) என் இட்லிப்பூ இரண்டு நாளில் தோற்றுப்போன காரியத்தை அது பிறவித்தொழிலாகச் செய்கிறது. எல்லாச் செடிக்கும் எல்லாப் பாடமும் தெரியாது. யாருக்கு எது தெரியும் என்று பார்த்து இடம் கொடுப்பதுதான் பாதி வேலை.

தொட்டி வாங்கத் தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பர்வாடாவுக்குத்தான் போவேன். தொண்ணூறடி சாலையிலிருந்து நடை தூரம். கிழக்குக் காற்று நாட்களில் சுட்ட மண்தொட்டியின் பக்கச் சுவரில் ஈரம் ஆவியாகி வேரைக் குளிர வைக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வெயில் பட்ட பக்கத்து வேர் வெந்துபோயிருப்பதைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். ஆனால் கடல்காற்றின் புழுக்கத்தில் மண்தொட்டிக்கும் அந்த வித்தை பலிக்காது. அதற்கு நிழல்தான்.

தாராவியில் எங்கள் சந்தில் ஓர் ஆச்சி இருந்தாள். பெயிண்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலை. மாசி பிறந்ததும் டப்பாவைத் தினம் ஒரு சாண் வெயில் பக்கமாக நகர்த்துவாள். "எதுக்கு ஆச்சி, ஒரேடியா வெளியே வச்சிர வேண்டியதுதான?" என்று கேட்டேன். "ஏலே, நீ மெட்ராஸ் மெயில்ல இறங்குன அன்னைக்கே பம்பாய்க்காரனா ஆயிட்டியா?" என்றாள். நான் பம்பாயிலேயே பிறந்தவன் என்பது அவளுக்கு நினைவில்லை.

போன மார்ச்சில் அந்தப் பழைய சொசைட்டியிலிருந்தே அழைப்பு வந்தது. செக்ரட்டரி புதியவர். மேற்குச் சுவரோரம் பாதி வெறுமையாகக் கிடக்கிறது, ராம நவமிக்குள் நந்தியாவட்டை வைக்க வேண்டும் என்றார். போய்ப் பார்த்தேன். 2018-ல் பிழைத்த இருபத்துச் சொச்சம் செடிகள் இடுப்புயரத்துக்கு நிற்கின்றன. இலை சிறுத்து, தடித்து, கையில் சொரசொரத்தது. அடியில் அரளிப் பருந்தந்துப்பூச்சியின் பச்சைப் புழு ஒன்று, முதுகில் இரண்டு நீலக் கண், நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. விட்டுவிட்டேன். "ஜூலையில் வைக்கலாம் சார்" என்றேன். "ஜூலையில் ராம நவமி வராதே" என்றார். நியாயம்தான். வேறொரு தோட்டக்காரரை வைத்து நட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டி எட்டிப் பார்க்கிறேன். போன வாரம் நாலு செடியில் புதுக் கொழுந்து தெரிந்தது.